1965 எம்ஜிபி ரோட்ஸ்டர்: பக்கத்து வீட்டு வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது?

ஸ்விண்டன்_முத்து:

வணக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் காலமாகிவிட்டார். அவரிடம் 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று இருந்தது, எம்ஜி கம்பெனியின் கூரையில்லாத இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். நான் இருப்பது இங்கிலாந்தில், ஸ்விண்டனில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பார், நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆறு வருடம் அப்படிப் போனது. இப்போது அவர் மனைவி, "வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, நீயே எடுத்துக்கொள், விலையையும் நீயே சொல்" என்கிறார். எனக்கு அதுதான் பயம். குறைத்துச் சொன்னால் அந்த அம்மாவை ஏமாற்றியதாகிவிடும். அதனால் வண்டியின் நிலைமை உள்ளபடி தெரிய வேண்டும்.

நான் பார்த்த வரை: பதிவு எண் சி எழுத்தில் முடிகிறது, அது 1965க்கான எழுத்து. கதவில் இழுத்துத் திறக்கிற பழைய கைப்பிடி. சேஸிஸ் எண் ஜிஹெச்என்3 என்று ஆரம்பிக்கிறது. பழைய பச்சை லாக் புத்தகத்தில் (வண்டியின் பதிவுப் புத்தகம்) இஞ்சின் எண் 18ஜிபி என்று தொடங்குகிறது, ஆனால் இஞ்சினில் இருக்கும் தகட்டில் 48ஜி. இது எப்படி? வெளியே முழுக்கச் சிவப்பு. சீட்டுக்குப் பின்னால் பேட்டரி மூடியைத் தூக்கினால் அடிப்பக்கம் பால் வெள்ளை.

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகரப் படி, அதைத்தான் 'சில்' என்கிறார்கள், வழவழவென்று இருக்கிறது, ஒரு கொப்புளம் இல்லை. ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து பெட்ரோல் பம்பு டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பெரியவர் இருந்தபோது சில விநாடிகளில் நின்றுவிடும். பயந்து சாவியை எடுத்துவிட்டேன்.

திருச்சி_பட்டறை:

தம்பி, சாவியை எடுத்தது நல்ல காரியம். இஞ்சின் ஓடாமல் இக்னிஷனை அப்படியே விட்டால், பாயிண்ட் (தீப்பொறிக்கான சுவிட்ச்) மூடிய நிலையில் இருந்தால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் சூடாகிக் கெட்டுவிடும். இதில் இருக்கும் எஸ்யூ கம்பெனி பம்பு கார்பரேட்டர் கிண்ணங்கள் நிரம்பும் வரை அடிக்கும், நிரம்பியதும் அடங்கும். அடங்கவில்லை என்றால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்பரேட்டர் ஊசி மாட்டிக்கொண்டு பெட்ரோல் வழிகிறது. முதலில் வாசனை வருகிறதா பாருங்கள்.

48ஜி என்றால் கோல்டு சீல் இஞ்சின். கம்பெனியே பழைய இஞ்சினை வாங்கிக்கொண்டு, புதுப்பித்த ஒன்றை மாற்றிக் கொடுத்த காலம் அது. அழுக்கைத் துடைத்துப் பாருங்கள், அடியில் தங்க நிறப் பெயிண்ட் தெரியலாம். மோசடி ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

லாக் புத்தகத்தில் 18ஜிபி இருப்பது நல்ல சேதி. 1962இல் வந்த முதல் வண்டிகளில் கிராங்குக்கு (இஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) மூன்று பேரிங்தான். 1964 அக்டோபரில் ஐந்தாக்கினார்கள், இஞ்சின் ஓட்டம் மென்மையானது. 18ஜிபி அந்த ஐந்து பேரிங் இஞ்சின்தான். கைப்பிடியை 1965 ஏப்ரலில் மாற்றிவிட்டார்கள். ஐந்து பேரிங்கும் பழைய கைப்பிடியும் சேர்ந்த வண்டி அந்த அரை வருடத்தில் வந்தது மட்டும்தான்.

நான் பட்டறையில் கை பழகியது அம்பாசடரில். அதன் 1489 சிசி பெட்ரோல் இஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி இஞ்சினும் ஒரே பி சீரிஸ் குடும்பம். இங்கிலாந்து வந்து முதன்முதலாக ஒரு எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தபோது, ஊரில் விட்டுவந்த ஆளைப் பார்த்தது போல இருந்தது. இந்த இஞ்சின் லேசில் சாகாது. நன்றாகச் சூடான பிறகு, ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல் நின்றால் போதும். முதல் கியருக்கு மட்டும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி நின்ற பிறகு போடுங்கள். இன்னொன்று, அந்த வருட வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் சார்ஜரை மாட்டாதீர்கள்.

தகரமும்_தீயும்:

இஞ்சினை விடுங்கள். என் கவலை அந்தக் கதவு.

எம்ஜிபிக்கு முன் வந்த எம்ஜிஏவுக்குத் தனி சேஸிஸ் உண்டு. எம்ஜிபிக்குக் கிடையாது, தகரக் கூடே சேஸிஸ். ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. அப்படியானால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது? சில்தான். வெளியே தெரியும் தகடு, உள்ளே காலடியோரத் தகடு, இரண்டுக்கும் நடுவே ஒன்று, அடியில் காஸில் ரெயில் என்கிற நீளத் தகடு. எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி. துரு உள்ளேயிருந்து வெளியே வரும். சில்லின் வெளித்தகடு வழவழப்பாக இருப்பதை நான் நம்பவே மாட்டேன். கதவு தொங்குகிறது என்றால் கீல் தேய்ந்திருக்கலாம், சில் தளர்ந்திருக்கலாம்.

முன் மட்கார்டின் பின்மூலைக்கு உள்ளேயும் சில் ஓடுகிறது. முறையாக மாற்ற மட்கார்டின் அடியை வெட்டியாக வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, அழுகியதன் மேலேயே புதுத் தகட்டை மூடிப் பட்டி பார்த்துவிடுகிறார்கள். இதில் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனிதர் உட்கார்ந்து போகிற வண்டி அது.

கதவை மூடி, பின் மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையே மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு ஜாக்கியின் மேல் மரக்கட்டை வைத்து, அந்தப் பக்கத்தை மெதுவாகத் தூக்கி மறுபடி அளங்கள். மேல் இடைவெளி மாறினால் சில் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடியில் தலை விடாதீர்கள். காஸில் ரெயிலைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். காந்தமும் எடுத்துப்போங்கள், பட்டியில் ஒட்டாது. சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி உட்காரும் தொட்டிகளையும் பாருங்கள்.

வெட்ட வேண்டி வந்தால், கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி வெல்டு செய்யாமல் யாரையும் தொட விடாதீர்கள். கூடு வளைந்தால் கதவு ஜென்மத்துக்கும் சேராது.

கேய்டன்_பக்கம்:

கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் எம்ஜிபி கட்டப்பட்ட அபிங்டன் தொழிற்சாலையின் பதிவேடுகள் இருக்கின்றன. சேஸிஸ் எண் கொடுத்து, கட்டணம் கட்டினால் ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். கட்டிய தேதி, நிறம், முதல் இஞ்சின் எண் எல்லாம் வரும். அடிப்பக்க வெள்ளை ஓல்டு இங்கிலீஷ் ஒயிட்டாக இருக்கும். திரும்ப வெள்ளையே அடியுங்கள், மதிப்பு கூடும். பெட்ரோல் இ5 (எத்தனால் 5 சதவீதம் வரை கலந்தது) மட்டும். இ10 (10 சதவீதம் வரை கலந்தது) பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது.

ஸ்விண்டன்_முத்து:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க அங்கேயே இருந்தேன்.

இடப்பக்கம் தூக்கினேன், இடைவெளி அசையவில்லை. வலப்பக்கம் தூக்கியதும் மேலே ஐந்து மில்லிமீட்டர் இருந்தது இரண்டாகிவிட்டது. காஸில் ரெயிலின் பின்கோடியில் திருப்புளி சத்தமே இல்லாமல் உள்ளே போனது. இழுத்தபோது ஈரத் தேயிலைத்தூள் மாதிரித் துரு கொட்டியது. ஒரு கை நிறைய இருந்தது. பேட்டரித் தொட்டிகள் பரவாயில்லை.

பம்புக்கு ஒன்றுமில்லை, டேங்க்தான் காலி. ஐந்து லிட்டர் இ5 ஊற்றினேன். முதலில் படபடவென்று அடித்தது, அப்புறம் இடைவெளி விட்டு விட்டு, கடைசியில் ஒரே ஒரு டக். அந்த அம்மா சமையலறைக் கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவரின் நோட்டுப் புத்தகத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடித்த ஒவ்வொரு தேதியும் அதில் இருக்கிறது. 1979 மார்ச்சில் "எக்ஸ்சேஞ்ச் இஞ்சின்" என்று ஒரு வரி. தகட்டைத் துடைத்தேன், ஓரத்தில் தங்க நிறம் தெரிகிறது அண்ணா.

விலைக்கு ஒரு வழி செய்தேன். நல்ல சில் உள்ள இதே வண்டிக்கு என்ன விலை, ஒரு பக்கச் சில்லை முறையாக மாற்ற என்ன செலவு என்று இரண்டு பட்டறைகளில் எழுதி வாங்கினேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, காகிதங்களோடு அவர் கையில் கொடுத்தேன். மகளோடு பேசிவிட்டுச் சரி என்றார்.

கேய்டனுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஆனால் வெள்ளை அடிக்கப் போவதில்லை. சிவப்பு அந்த அம்மா கேட்டு அடித்ததாம். அவருக்காக ஒரு வாரம் லீவு போட்டு, பெரியவர் தானே தேய்த்து அடித்திருக்கிறார். வெல்டிங் முடிந்ததும் வலது சில்லுக்கு அந்தப் பழைய சிவப்போடு சேரும்படி பெயிண்ட் கலந்து கொடுக்கக்கூடியவர் ஸ்விண்டன் பக்கம் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.