நீட் மார்க் குறைவு, ஆனாலும் விண்ணப்பித்தோம்: உங்கள் அனுபவம் என்ன?

திருவாரூரிலிருந்து ஓர் அக்கா:

தம்பிக்கு நீட்டில் 720-க்கு 268. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டான். ஆனால் அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். எட்டாது என்று எங்களுக்கே தெரிகிறது. எம்.பி.சி. பிரிவு, படித்தது தனியார் பள்ளி. அப்பா நிலத்தை விற்றாவது சேர்க்கிறேன் என்கிறார். தம்பி யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. இதே நிலையில் இருந்தவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அப்பாவிடம் உட்கார்ந்து பேச எனக்கு ஏதாவது வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து ஒரு தந்தை:

அம்மாடி, நிலம் விற்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். என் மகளுக்கும் நானூறைத் தொடவில்லை. ரிசல்ட் வந்த வாரமே போன் வர ஆரம்பித்துவிட்டது. "சார், பாப்பாவுக்கு 380 தானே? கவலைப்படாதீங்க, சீட்டை பிளாக் பண்ணி வைக்கிறேன், முன்பணம் மட்டும் போட்டுவிடுங்க." மார்க் அந்த ஆளுக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "எந்தச் சுற்றில் அலாட்மென்ட் வரும், மத்திய அரசின் கவுன்சலிங் குழுவான எம்.சி.சி.யா, மாநிலத் தேர்வுக் குழுவா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். அதோடு போனை வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடம் எம்.சி.சி. கவுன்சலிங்கில்தான் நிரம்புகிறது. நம் மாநிலத்துத் தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடும் தேர்வுக் குழுவின் கவுன்சலிங் வழியாகத்தான். நடுவில் நின்று சீட்டைப் பிடித்துத் தர யாருக்கும் இடமே இல்லை. கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு என்றாலே ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல், நிர்வாக ஒதுக்கீடு 10 லட்சத்துக்கு மேல், நிகர்நிலையில் பல இடங்களில் 20 லட்சத்தைத் தாண்டும். விடுதி, மெஸ் எல்லாம் தனி. நான் அப்படி எழுதி வைத்து நாலரை வருடத்தால் பெருக்கியபோது என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரண்டு கவுன்சலிங்குக்கும் தனித்தனியாகப் பதிவு செய்தோம். மாநில ஒதுக்கீடு 85 சதவீதம், அகில இந்திய ஒதுக்கீடு 15. அகில இந்திய முதல் சுற்றில் இடம் வந்து சேராமல் விட்டால் நட்டமில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். கடைசிச் சுற்றுகளில் விட்டால் தடையே விதிப்பார்கள். வரிசைப் பட்டியலில் எங்கள் இடத்தைப் பார்த்ததுமே எம்.பி.பி.எஸ். இல்லை என்று தெரிந்துவிட்டது. மகள் கால்நடை மருத்துவம் போனாள். மாநில ஒதுக்கீட்டில் அதற்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கட்-ஆஃப் கடுமையாக இருக்கும், அவள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வைத்திருந்ததால் கிடைத்தது. போன மாதம் கன்றுக்குட்டி புரண்டு கிடந்த ஒரு பசுவுக்குப் பேராசிரியருடன் நின்று பிரசவம் பார்த்திருக்கிறாள். ராத்திரி வீடியோ காலில் அதை அவள் சொன்ன விதத்தைக் கேட்டிருக்க வேண்டும்!

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பயிற்சி மருத்துவர்:

அக்கா, உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது. ஆனாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் யாராவது படிப்பார்கள் என்று எழுதுகிறேன். நான் 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் முதல் வருடத்தில் வந்தவன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. அதற்கு முந்தைய வருடங்களில் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒரே வருடத்தில் 300 பேரைத் தாண்டியது. பொதுப் பட்டியலில் என் மார்க்கை வைத்து எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்திருக்க முடியாது.

கவுன்சலிங் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. திரையில் கல்லூரிப் பெயரும் மீதி இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. என் முறை வருவதற்குள் அரசுக் கல்லூரி இடங்கள் எங்கள் பிரிவில் தீர்ந்துவிட்டன. தனியார் கல்லூரிதான் மிச்சம். எனக்கு முன்னால் நின்ற பெண், கட்டணம் கட்ட வழியில்லை, சீட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. அவள் அம்மா தன் பையிலிருந்து வேறு பேனா எடுத்துக் கொடுத்தார். நான் எங்கள் மாமாவை நம்பி வாங்கிக்கொண்டேன். அப்புறம் சில நாளிலேயே தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. முன்பே வந்திருந்தால் அந்தப் பெண் அப்படி எழுதியே கொடுத்திருக்க மாட்டாள். இப்போது கட்டணக் கவலை கிடையாது, அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தனியார் கல்லூரி என்றதும் பயந்து விடாதீர்கள். எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு படித்தோம் என்பதற்குத் தலைமை ஆசிரியர் தரும் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு ஊருக்கும் அலைய வேண்டியிருக்கும்.

மதுரையிலிருந்து ஒரு மருத்துவர், பிஷ்கெக்கில் படித்தவர்:

நான் தகுதி மதிப்பெண்ணைச் சொற்ப வித்தியாசத்தில் தாண்டியவள். 2019-ல் கிர்கிஸ்தான் போனேன். அனுப்பி வைத்த ஏஜென்சி குளிரைப் பற்றிச் சொன்னது, விடுதியைப் பற்றிச் சொன்னது. திரும்பி வந்ததும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வான எஃப்.எம்.ஜி.இ. எழுத வேண்டும் என்பதை மட்டும் வாயே திறக்கவில்லை. ஒரே நாளில் 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. எழுதுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத முறைதான் அதிகம். அதில் தேறி, இங்கே பயிற்சிக் காலமும் முடித்த பிறகுதான் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட முடியும்.

பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. வார்டில் நோயாளிக்கு ரஷ்ய மொழி, இல்லாவிட்டால் கிர்கிஸ். "எங்கே வலிக்கிறது" என்று கேட்கத் தெரியாமல் கட்டிலருகே நிற்பதில் ஒரு பயனும் இல்லை. விடுதியில் தரை துடைக்க வரும் பாட்டியிடம் தினமும் பேசிப் பேசித்தான் எனக்கு ரஷ்ய மொழி வந்தது.

தம்பியை அனுப்ப நினைத்தால் 2021 நவம்பரில் வந்த விதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள். குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அங்கேயே அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, இங்கே வந்து இன்னொரு 12 மாதம். 'முதலில் ஒரு பட்டம், பிறகு எம்.டி.' என்று பிலிப்பைன்ஸில் சேர்ந்த பலர் இந்த 54 மாத விதியில் மாட்டித் தவித்தார்கள். என் பள்ளித் தோழி உக்ரைனில் இருந்தாள். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நான் போய்த்தான் மருத்துவர் ஆனேன். முதல் வருடத்திலிருந்தே எஃப்.எம்.ஜி.இ.க்குப் படிக்கிற பொறுமை தம்பியிடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கோவையிலிருந்து ஒரு தாய்:

என் மகன் திரும்ப எழுதினான். நீட்டுக்கு மேல் வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை. அதனாலேயே இது எங்கே முடியும் என்று தெரியாமல் போய்விடுகிறது. நாங்கள் முதலிலேயே, ஒரு வருடம் மட்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டோம். மொத்தத்தில் பாதி, 360, உயிரியலுக்கு. அவன் தவறு அங்கே இல்லை, இயற்பியலில் தெரியாத கேள்விக்கெல்லாம் விடைக் கட்டத்தைக் கறுப்படித்து மைனஸ் மார்க்கில் இழந்திருந்தான். விடைத்தாளைக் கேள்வி கேள்வியாகப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது. இரண்டாம் முறை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த வருடம் கல்யாண வீடுகளுக்கு அவனை நான் கூப்பிட்டுப் போகவே இல்லை. "என்னப்பா, இன்னும் வீட்லதானா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைய ராத்திரி அவனுக்குப் போச்சு.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சித்த மருத்துவ மாணவி:

அக்கா, யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். தகுதி மதிப்பெண் இருப்பதால் தம்பி சித்த மருத்துவப் பட்டப் படிப்பான பி.எஸ்.எம்.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. எங்கள் அரசுக் கல்லூரி 1964-ல் தொடங்கியது. எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்குக் காளாஞ்சகப்படையோடு (சொரியாசிஸ்) எங்கெங்கோ அலைந்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு ஐயா மாதாமாதம் வருவார். முழங்கையில் செதில் உதிர்வது நின்றதும் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தம்பிக்கு மனமிருந்தால் மட்டும். எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏக்கத்தோடு இங்கே வந்து இரண்டாம் வருடத்தில் விட்டுப் போனவர்களும் என் வகுப்பில் உண்டு.

இதற்கான அறிவிப்பு தனியாக வரும். இந்திய மருத்துவம், ஓமியோபதிக்கு வேறு தேர்வுக் குழு, வேறு விண்ணப்பம். எம்.பி.பி.எஸ். கவுன்சலிங்குக்குப் போட்டாலே போதும் என்று நினைத்துத் தேதியை விட்டுவிடாதீர்கள்.