ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிப்பது: புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் விவரமாக

"ஒரு நாளைக்கு எத்தனை புதுச் சொல் மனப்பாடம் செய்யலாம்?" ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் புதிதாக வந்த தமிழர்களில் பாதிப்பேர் கேட்கும் கேள்வி இது. இப்போதைக்கு ஒன்றுகூட வேண்டாம் என்பதுதான் என் பதில். பள்ளியில் ஆங்கிலம் படித்து வந்தவருக்குச் சொல் பற்றாக்குறை இல்லை. தெரிந்த சொற்களைப் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார், சிக்கல் அங்கேதான்.

உதாரணத்துக்கு, 'போஸ்ட்போன்' எல்லோருக்கும் தெரியும். ஆனால் அலுவலகப் பேச்சில் பலரும் அப்படிச் சொல்வதில்லை, "புட் ஆஃப் பண்ணிவிட்டார்கள்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் வேகமாக வந்து போகிறது. புட்டும் தெரியும், ஆஃபும் தெரியும். இரண்டும் சேர்ந்து 'தள்ளிவைப்பது' என்று மாறுவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அதேபோல 'கால் ஆஃப்' என்றால் ரத்து, 'டர்ன் டவுன்' என்றால் மறுப்பது, 'லுக் இன்டு' என்றால் விசாரித்துப் பார்ப்பது, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது, 'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோவது. நாம் பாடப்புத்தகத்தில் படித்தது பெரும்பாலும் எழுத்து ஆங்கிலம். மனிதர்கள் பேசுவது கெட், டேக், புட், டர்ன், கோ போன்ற குட்டி வினைகளை வைத்து. முதல் சில மாதங்களுக்கு இவற்றின் மேல்தான் நேரம் போக வேண்டும்.

எண்ணிக்கையிலும் இது தெரியும். 2013இல் வெளியான புதிய பொதுச்சொல் பட்டியல் ஒன்று உண்டு, நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட் என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். சுமார் 2800 சொற்கள்தான். சாதாரண ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதற்குள் அடங்கிவிடும். மீதிச் சொற்களில்தான் விஷயமே இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். பால் நேஷன் என்ற ஆய்வாளர் 2006இல் போட்ட கணக்குப்படி, பேச்சில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க 6000 முதல் 7000 சொற்குடும்பங்கள் வேண்டும், நாவலும் செய்தித்தாளும் படிக்க 8000 முதல் 9000 வேண்டும். சொற்குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து ஒன்று. அந்தத் தூரத்துக்குப் போக ஆண்டுகள் ஆகும், ஆகட்டும். முதல் 2800ஐ காதில் விழுந்த உடனே புரியும் அளவுக்கும், யோசிக்காமலே வாயில் வரும் அளவுக்கும் கொண்டுவருவதுதான் இப்போதைய வேலை. பட்டியலைத் திறந்து பார்த்தால் "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று தோன்றும். ஒவ்வொன்றையும் வைத்துத் தயங்காமல் இரண்டு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எது தெரியும், எது தெரிந்த மாதிரி இருக்கிறது என்பது அங்கே பிரிந்துவிடும்.

தமிழர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. நம் 'போடு' எதற்கும் பொருந்தும்: சட்டை போடுவோம், கையெழுத்துப் போடுவோம், சண்டை போடுவோம், விளக்குப் போடுவோம். ஆங்கிலத்தில் நான்குக்கும் நான்கு வேறு வினை. 'பார்' என்பதற்கு ஸீ, லுக், வாட்ச் மூன்றும் உண்டு. 'கேள்' என்பதற்கு ஆஸ்க், ஹியர், லிஸன். மருந்து 'சாப்பிடுவது' நம் வழக்கு, அங்கே 'டேக்'தான் வரும், 'ஈட்' என்று சொன்னால் மருத்துவருக்குப் புரியும், ஆனால் ஒரு நொடி யோசிப்பார். இதற்கு இலக்கண விதி தேடிப் பயனில்லை. எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினை, எந்த அடைமொழி ஒட்டுகிறது என்று ஜோடியாகவே படிக்க வேண்டும். டிசிஷன் வந்தால் மேக், ஹோம்வொர்க் வந்தால் டூ, மழை வந்தால் ஹெவி, காற்று வந்தால் ஸ்ட்ராங். இந்த ஜோடிகளுக்குக் காலொகேஷன் என்று பெயர். நோட்டில் தனிச்சொல் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். பக்கத்திலேயே அதன் ஜோடியையும் எழுதச் சொல்லித் தொந்தரவு செய்வேன்.

இன்னொன்று, தமிழில் ஏற்கெனவே கலந்துவிட்ட ஆங்கிலம். இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. "கல்லூரியில் பாஸ் அவுட் ஆனேன்" என்று நேர்முகத்தில் சொன்னால், பெரும்பாலானோர் காதில் மயங்கி விழுந்ததாகத்தான் விழும். 'கிராஜுவேட்' என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதை 'ப்ரீபோன்' என்றால் பலர் முழிப்பார்கள், 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் புரியும். மின்சாரம் நின்றால் 'கரண்ட்' போகாது, 'பவர்' போகும். இந்தச் சொற்கள் தவறு என்று நான் சொல்லவில்லை, நம் ஊர் ஆங்கிலத்தில் அவற்றுக்கு நல்ல இடம் இருக்கிறது. கேட்பவர் வேறு ஆள் என்பதுதான் விஷயம்.

சரி, எப்படி மனதில் நிறுத்துவது? எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885இலேயே எழுதிவிட்டார். அதனால் ஒரே நாளில் நாற்பது முறை எழுதிப் பார்ப்பதைவிட, இன்று, நாளை, நான்கு நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது பலன் தரும். லைட்னர் என்பவர் 1970களில் சொன்ன முறை இதே கருத்துதான். முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதிய அட்டைகளைப் பல அறை உள்ள பெட்டியில் வைப்பது: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் தாமதமாகப் பார்த்தால் போதும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். இன்று அதைச் செய்ய அன்கி என்ற மென்பொருள் இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அட்டையை நீங்களே தயாரியுங்கள். யாரோ செய்து வைத்த ஐயாயிரம் அட்டைத் தொகுப்பை இறக்கி வைத்தால் பத்து நாளில் வெறுத்துவிடும். முன்பக்கம் நீங்கள் உண்மையில் கேட்ட வாக்கியம், அதில் ஒரு இடம் காலி. பின்பக்கம் விடுபட்ட சொல், வேண்டுமானால் தமிழ்ப் பொருள். 'தமிழில் பொருள் எழுதவே கூடாது' என்று சில ஆசிரியர்கள் கண்டிப்பு காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதுச்சொல் முதல்முறை பதிவதற்குத் தாய்மொழி நல்ல குறுக்குவழி, பிறகு வாக்கியங்களைப் பார்க்கப் பார்க்கத் தமிழ் தானாக விலகிக்கொள்ளும். முக்கியமானது, பின்பக்கத்தைத் திருப்புவதற்கு முன் மனதுக்குள் தேடி எடுப்பது. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி மறுபடி படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதை நம்ப வேண்டாம்.

அகராதி விஷயம் சுருக்கமாக: கற்பவர்களுக்கான அகராதி வேறு, சாதாரண அகராதி வேறு. லாங்மன் கற்பவர் அகராதி 1978இல் வந்தபோதே சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்கியது. லாங்மன், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மூன்றும் இணையத்தில் இலவசம், உச்சரிப்பைக் கேட்கவும் முடியும். கேளுங்கள், தயவுசெய்து தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைக்காதீர்கள். நம் எழுத்தில் பகரம் ஒன்றுதான், அங்கே இரண்டு ஒலி. எந்த அசையில் அழுத்தம் என்பதையும் நம் எழுத்து காட்டாது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும், 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாவது அசை ஓங்கும். அழுத்தம் இடம் மாறினால் சரியான சொல்லைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் "என்ன?" என்பார்.

காதுக்குப் பயிற்சி வேண்டுமென்றால், பிடித்த தொடரை ஆங்கில வசனவரியோடு பாருங்கள், தமிழ் வசனவரி வேண்டாம். வாசிப்புக்கு நூலகத்தில் கிரேடட் ரீடர் என்று கேளுங்கள், நிலை வாரியாகச் சொற்களை மட்டுப்படுத்தி எழுதிய சிறு புத்தகங்கள். பக்கத்துக்குப் பத்துச் சொல் தெரியாத புத்தகத்தில் ஊகித்துப் படி என்று சொல்வது கொடுமை. சுற்றியுள்ள சொற்கள் ஏறக்குறைய எல்லாமே தெரிந்தால்தான் ஊகமே நடக்கும்.

வீட்டில் துணைவருக்கோ அம்மா அப்பாவுக்கோ சொல்லித் தருகிறவர்கள் கவனிக்க: இடது, வலது இரண்டையும் ஒரே நாளில் சொல்லித் தராதீர்கள். ட்யூஸ்டே, தர்ஸ்டே கூடவே கூடாது. ஒரே வகைச் சொற்களைக் கும்பலாகக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பி மெதுவாகத்தான் பதிகின்றன என்று டிங்கம் என்பவர் 1993இலேயே காட்டியிருக்கிறார். பாடப்புத்தகங்கள் இன்றும் நிறங்கள் ஒரு பாடம், உடல் உறுப்புகள் ஒரு பாடம் என்றுதான் போகின்றன! ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்தது. பெரியவர்களுக்குச் சொல் பட்டியலைவிட, மருத்துவமனையில் முன்பதிவு செய்வது, பேருந்தில் இறங்குமிடம் கேட்பது என்று முழு வாக்கியமாகப் பழக்குவது எடுபடும். கூடவே "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்" என்பதற்கும் ஒரு வாக்கியம். குழந்தைகளுக்கு வேறு கணக்கு. பள்ளியில் ஆங்கிலம் தானாக வரும், நீங்கள் வீட்டில் தமிழில் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். 'ஆவியாதல்' என்றால் என்ன என்று தமிழில் புரிந்த பிள்ளைக்கு அதன் ஆங்கிலப் பெயரைக் கற்க ஒரு நிமிடம் போதும்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேச்சிலும் எழுத்திலும் மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு சொல்வளத்துக்கு. அதைப் பார்த்துவிட்டு அரிய சொற்களைக் கொண்டு வந்து கொட்டுகிறார்கள், ஜோடி தவறி, இடம் தவறி விழுகின்றன. சரியான ஜோடியோடு வரும் சாதாரணச் சொல் அதைவிட மேல். மேல்படிப்புக்குப் போகிறவர் என்றால் மட்டும் அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் வந்தது, 570 சொற்குடும்பங்கள், பாடநூல் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அதிலிருந்துதான் வரும். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அதையும் தொட வேண்டாம். நீங்கள் எழுதிய பழைய கட்டுரைகளை எடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் 'குட்', 'பேட்', 'வெரி' எல்லாவற்றையும் வட்டமிட்டு, அந்த இடங்களை மட்டும் மாற்றி எழுதிப் பழகுங்கள்.