கோல்ட்விங் டெஸ்ட் ரைடு, பின்னாடி வீட்டம்மாவோட. எதெல்லாம் பாக்கணும்?

வணக்கம் மக்களே, ஹோண்டா கோல்ட்விங் டூர் டிசிடி (தானாவே கியர் மாத்திக்கற பெரிய டூரிங் பைக்) ஓட்டிப் பாக்க ஷோரூம்ல ஓகே சொல்லிட்டாங்க, வீட்டம்மாவையும் பின்னாடி உக்கார வச்சு ஓட்டலாமான்னு கேட்டதுக்கு கொஞ்சம் இழுத்துட்டு சரின்னுட்டாங்க. 1833 சிசி, ஆறு சிலிண்டர்னு நான் விடற பீலாவெல்லாம் வீட்டம்மாகிட்ட எடுபடாது, இடுப்பு வலிக்குதா இல்லையா, அதான் தீர்ப்பு.

எனக்கு பயமே வெயிட்டுதான். வண்டி மட்டும் 390 கிலோ பக்கம், அதுக்கு மேல நாங்க ரெண்டு பேரு. சீட் உயரம் 745 மில்லிமீட்டர்தான், கால் நல்லா ஊனும், ஆனா சிக்னல்ல நிக்கறப்ப பின்னாடி ஆள் சட்டுன்னு அசைஞ்சா தாங்குமா? டிசிடில கிளட்ச் லீவரே கிடையாது, அப்ப மெதுவா யூ-டர்ன் அடிக்கறப்ப ஹாஃப் கிளட்ச்சுக்கு (கிளட்ச்ச பாதி புடிச்சு ஓட்டறதுக்கு) பதிலா பின் பிரேக்க லேசா அழுத்திக்கிட்டே போனா போதுமா? பின் சஸ்பென்ஷன் பிரீலோட, அதாவது ஸ்பிரிங் இறுக்கத்த, பட்டன்லயே ரெண்டு பேருக்கு மாத்திக்கலாம்ங்கறாங்க, அத கிளம்பறதுக்கு முன்னாடியே வைக்கச் சொல்லிடலாம்ல?

ஜோடியா ஓட்டினவங்க சொல்லுங்க, முக்கியமா பின்னாடி உக்காந்தவங்க. ஸ்பீட் பிரேக்கர்ல முதுகுல அடிக்குதா, முட்டி ரொம்ப மடங்குதா? ஆள் உக்காந்திருக்கப்பவே வண்டில இருக்கற ரிவர்ஸ் வசதிய வச்சு பின்னால எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?