எங்கள் ஆம்புலன்ஸ் குழுவின் மேட்ரிக்ஸ் சர்வரும் மருத்துவமனை சர்வரும் பேசிக்கொள்ளவில்லை, மழைக்கு முன் சரிசெய்ய உதவுங்கள்

தாமிரபரணி_வண்டி:
வணக்கம். திருச்செந்தூர் பக்கம் ஒரு சின்ன தன்னார்வ ஆம்புலன்ஸ் குழு நடத்துகிறோம், மூன்று வண்டி, பதினெட்டுப் பேர். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்ததே, அதே மழை) எல்லாத் தகவலையும் வாட்ஸப் குழுவில்தான் பகிர்ந்தோம். அதில் ஒரு நோயாளியின் ஸ்கேன் படமும் வீட்டு விலாசமும் ஃபார்வர்ட் ஆகி ஊர் முழுக்கச் சுற்றியது. அந்தக் குடும்பம் வந்து கேட்டபோது எங்களிடம் சொல்ல ஒரு பதிலும் இல்லை, இன்றைக்கும் அது மனதை அரிக்கிறது. அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு சினாப்ஸ் சர்வர் (மேட்ரிக்ஸ் என்ற திறந்த செய்திப் பரிமாற்ற முறையை ஓட்டும் மென்பொருள்) போட்டோம். நாங்கள் அதிகமாக நோயாளிகளைக் கொண்டுபோகும் மருத்துவமனையும் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. அவர்கள் ஊழியர் கணக்கு அவர்களிடம், எங்கள் ஓட்டுநர் கணக்கு எங்களிடம், ஆனால் இரண்டு பேரும் ஒரே அறையில் பேசலாம் என்பதால்தான் மேட்ரிக்ஸைத் தேர்ந்தெடுத்தோம்.

நாலு மாதம் நன்றாக ஓடியது. போன செவ்வாய் காலையிலிருந்து சிக்கல். நாங்கள் எழுதுவது அவர்களுக்குப் போகிறது, அவர்கள் எழுதுவது எங்களுக்கு வரவில்லை. புதன் சாயங்காலம் அதுவும் நின்று, இப்போது இரண்டு பக்கமும் மௌனம். அந்தந்த சர்வருக்குள் பேசினால் பிரச்சினையே இல்லை. பிரவுசரில் எங்கள் முகவரியைத் திறந்தால் பூட்டுப் படம் ஒழுங்காக வருகிறது. மேட்ரிக்ஸ் சர்வர்கள் வழக்கமாகத் தங்களுக்குள் பேசும் 8448 போர்ட் திறந்து பார்த்துவிட்டேன், கடிகாரம் சரி, டிஸ்கில் இடம் இருக்கிறது, இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தாயிற்று. இதற்கு நடுவில் புதன்கிழமை போன் மாற்றிய ஓட்டுநர் ஒருவருக்குப் பழைய செய்திகள் எதுவும் திறக்கவில்லை, அது தனிப் பிரச்சினையா இதோடு சேர்ந்ததா என்று தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, தயவுசெய்து உதவுங்கள்.

நீலக்கேபிள்:
மூன்று விஷயம் சொல்லுங்கள். உங்கள் டொமைனில் மற்ற சர்வர்களுக்கு வழிகாட்டும் வெல்-நோன் கோப்பு எந்த போர்ட்டைக் காட்டுகிறது? ஃபெடரேஷன் டெஸ்டரில் (சர்வர்கள் தங்களுக்குள் இணைவது சரியா என்று சோதிக்கும் தளம்) உங்கள் டொமைனைப் போட்டால் என்ன வருகிறது? உங்கள் சர்வர் அசல்தான் என்று மற்றவர்களுக்குக் காட்டும் சர்ட்டிபிகேட் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? முடிந்தால் மருத்துவமனைப் பக்கத்து லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவில்) உங்கள் பெயர் வரும் வரிகளையும் வாங்கிப் பாருங்கள். இந்த மாதிரிக் கோளாறில் எதிர்ப் பக்கத்து லாக்தான் வாய் திறக்கும்.

தாமிரபரணி_வண்டி:
வெல்-நோன் 443ஐக் காட்டுகிறது, அப்படியானால் 8448ஐத் திறந்து நான் செய்ததெல்லாம் வீண் வேலை என்று இப்போது புரிகிறது. டெஸ்டரில் சிவப்பு. மருத்துவமனையில் இருக்கும் தம்பி லாக் அனுப்பினார், சர்ட்டிபிகேட்டைச் சரிபார்க்க முடியவில்லை, வழங்கியவர் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்ற அர்த்தத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. திங்கள் இரவு சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றினோம், சர்ட்டிபிகேட் கோப்புகளைக் கையால் காப்பி செய்தேன்.

சுருக்குவழி7:
அவசரம் என்றால் மருத்துவமனை சர்வரின் செட்டிங்கில் ஃபெடரேஷன் சர்ட்டிபிகேட் சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு வரிதான், உடனே ஓடும்.

நீலக்கேபிள்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வரி இருப்பது உண்மை, போட்டால் ஓடும் என்பதும் உண்மை. ஆனால் அதைப் போட்டபின், நடுவில் புகுந்து உங்கள் சர்வர் மாதிரி நடிப்பவனையும் மருத்துவமனை சர்வர் உள்ளே விடும். செய்தியின் உள்ளடக்கம் மறைகுறியாக்கத்தில் இருந்தாலும் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது தெரிந்துவிடும். மறைகுறியாக்கம் இல்லாத அறைகள் இருந்தால் அவை மொத்தமும் போச்சு. நோயாளி விவரம் வெளியே போகக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடு.

காரணம் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. இலவசமாகச் சர்ட்டிபிகேட் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் சில கோப்புகளைக் கொடுக்கும். ஒன்றில் உங்கள் சர்ட்டிபிகேட் மட்டும் இருக்கும். இன்னொன்று ஃபுல்செயின், அதில் உங்கள் சர்ட்டிபிகேட்டோடு அதை வழங்கிய இடைநிலை சர்ட்டிபிகேட்டும் சேர்ந்திருக்கும். நீங்கள் எஞ்சின்எக்ஸுக்கு (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை முன்னால் நின்று வாங்கும் மென்பொருள்) முதலாவதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரவுசர்கள் பெரும்பாலும் விடுபட்ட இடைநிலையை எங்கிருந்தாவது எடுத்துச் சமாளித்துக்கொள்ளும், அதனால்தான் உங்களுக்குப் பூட்டுப் படம் வந்தது. சினாப்ஸ் அப்படித் தேடிப் போகாது. இந்தச் சர்ட்டிபிகேட் சங்கிலி முழுதாக இல்லையென்றால் இணைப்பை அறுத்துவிடும்.

முதல் நாள் ஒரு பக்கம் மட்டும் ஏன் ஓடியது என்று குழம்பியிருப்பீர்கள். நீங்கள் அனுப்பும்போது மருத்துவமனையின் சர்ட்டிபிகேட்டைத்தான் உங்கள் சர்வர் பார்க்கிறது, அது சரியாக இருக்கிறது. ஆனால் வந்த செய்தியில் உள்ள கையொப்பம் உங்களுடையதுதானா என்று பார்க்க உங்கள் சர்வரின் பொதுச் சாவி அவர்களுக்குத் தேவை. அதைச் சேமித்து வைத்திருப்பார்கள், சினாப்ஸில் அதன் ஆயுள் வழக்கமாக ஒரு நாள். அது தீர்ந்ததும் புதிதாக வாங்க உங்களிடம் வந்து, அதே சர்ட்டிபிகேட்டில் முட்டி நின்றிருக்கிறார்கள். செவ்வாய் ஒரு பக்கம், புதன் இரண்டு பக்கம் என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது.

எஞ்சின்எக்ஸில் பாதையை ஃபுல்செயினுக்கு மாற்றி ரீலோட் செய்யுங்கள், டெஸ்டர் பச்சையாகும் வரை மற்றதைத் தொடாதீர்கள். அப்புறம் அறையில் நீங்கள் ஒரு செய்தி போடுங்கள். மருத்துவமனை சர்வர் பலமுறை தோற்று, அடுத்த முயற்சியைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கும், உங்கள் செய்தி வந்ததும் விழித்துக்கொள்ளும். விழிக்கவில்லையென்றால் அவர்கள் அட்மின் ஏபிஐயில் (நிர்வாகி சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) உங்கள் சர்வருக்கான இணைப்பை ரீசெட் செய்யும் வசதி இருக்கிறது.

தாமிரபரணி_வண்டி:
அண்ணாச்சி, அதேதான்! பாதையில் ஃபுல்செயின் இல்லை. மாற்றினேன், பச்சை வந்தது, நான் ஒரு செய்தி போட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் மூன்று நாள் செய்திகள் மொத்தமாக வந்து இறங்கின. அதில் வியாழக்கிழமை ஒரு டயாலிசிஸ் நோயாளியை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போனில் பேசிச் சமாளித்திருந்தோம், ஆனாலும் அதைப் பார்த்ததும் நெஞ்சு பதறியது. மிக்க நன்றி.

ஓட்டுநர் பிரச்சினை அப்படியே இருக்கிறது. புது செய்திகள் திறக்கின்றன, பழையவையும் புதன் முதல் இன்று காலை வரை வந்தவையும் திறக்கவில்லை.

இரவுப்பணி_செவிலி:
இதை நாங்களும் பட்டிருக்கிறோம். மறைகுறியாக்கப்பட்ட அறையில் செய்தி எழுதும்போது, அந்த நேரத்தில் எழுதுபவருக்குத் தெரிந்த கருவிகளுக்கு மட்டும்தான் அதைத் திறக்கும் சாவி போகும். இணைப்பு அறுந்திருந்த நாளில் அவர் புதுப் போனில் நுழைந்ததால் மருத்துவமனைப் பக்கத்துக்கு அந்தப் போன் இருப்பதே தெரியாது. பழைய போன் இன்னும் லாகின் ஆகி இருக்கிறதா? இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, திரையில் வரும் எமோஜிகளை ஒப்பிட்டுச் சரிபாருங்கள். சாவி பேக்கப்பும் போட்டு வைத்திருந்தால் சாவிகள் புதுப் போனுக்கு வந்துவிடும்.

தாமிரபரணி_வண்டி:
லாக்அவுட் செய்துவிட்டு விற்றுவிட்டார். சாவி பேக்கப்பைத் திறக்க ரெகவரி கீ என்று ஒன்று வந்ததாம், எழுதி வைக்கவில்லை. என் போனிலிருந்து சாவிகளை எக்ஸ்போர்ட் செய்து அவருக்குக் கொடுக்கலாமா?

இரவுப்பணி_செவிலி:
முடியும், ஆனால் வேண்டாம் என்பேன். அந்தக் கோப்பில் நீங்கள் இருக்கும் எல்லா அறைகளின் சாவியும் போகும், அவர் இல்லாத அறைகளும் சேர்த்து. அவருக்கு உண்மையில் தேவைப்படும் இரண்டு மூன்று செய்திகளை நீங்களே மறுபடி எழுதிவிடுங்கள். மற்ற பதினேழு பேரையும் இந்த வாரமே உட்காரவைத்து ரெகவரி கீயை எழுதவைத்து ஒரு உறையில் பூட்டுங்கள். யாராவது குழுவை விட்டுப் போனாலோ போன் தொலைந்தாலோ அந்தக் கருவியை அன்றே வெளியேற்றுவது யார் பொறுப்பு என்பதையும் ஒரு பெயர் போட்டு முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்று, எங்கள் அனுபவம். எல்லாவற்றையும் ஒரே அறையில் கொட்டாதீர்கள். நோயாளி விவரத்துக்கு மறைகுறியாக்கம் உள்ள அறை, ஆட்கள் குறைவாக. எந்தப் பாலம் மூழ்கியது, எந்தச் சாலை திறந்தது என்பதற்கு மறைகுறியாக்கம் இல்லாத தனி அறை. அன்றைக்கு உதவிக்கு வரும் புது ஆள் உள்ளே நுழைந்ததும் முந்தைய செய்திகளைப் படிக்க முடியவேண்டும், அங்கே சாவிப் பிரச்சினை வந்தால் ஆள் தண்ணீருக்குள் வண்டியை விட்டுவிடுவார்.

பழைய_விஎச்எஃப்:
சர்ட்டிபிகேட் விஷயம் முடிந்தது, நல்லது. ஆனால் 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், டவர் விழுந்தால் எந்தச் செயலியும் கிடையாது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் காவல்துறை ஹெலிகாப்டர்கள் வடக்குக் கோபுரம் நிற்காது என்று தங்கள் ரேடியோவில் எச்சரித்தார்கள், உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அந்த அலைவரிசை கேட்காது. அன்று தீயணைப்புத் துறையினர் மொத்தம் 343 பேர் இறந்தார்கள். வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இரண்டு துறைகளின் கருவிகள் பேசிக்கொள்ளாதது அதில் ஒன்று. உங்களுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே இரண்டாவது வழி ஒன்று வேண்டும். உங்கள் பகுதியில் உரிமம் பெற்ற ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) ஆட்கள் இருப்பார்கள், இப்போதே போய்ப் பேசுங்கள். எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசையில் யார் அழைப்பது என்பதைத் தாளில் எழுதி வண்டியில் ஒட்டுங்கள்.

தாமிரபரணி_வண்டி:
எல்லோருக்கும் நன்றி, இன்றைய நிலவரம் சொல்லிவிடுகிறேன். காப்பி செய்யும் வேலையே வேண்டாமென்று புது மெஷினிலேயே சர்ட்பாட் என்ற நிரல் சர்ட்டிபிகேட்டைத் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தாயிற்று. வேறொரு மெஷினிலிருந்து தினமும் ஒரு தடவை சங்கிலியைச் சரிபார்த்து, தவறினால் எனக்கும் மருத்துவமனைத் தம்பிக்கும் எஸ்எம்எஸ் வரும். பதினொரு பேர் ரெகவரி கீ எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஆறு பேர் பாக்கி. அறைகளை இரண்டாகப் பிரித்தோம். ஹாம் நண்பர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் சர்வரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, மருத்துவமனையோடு ஒரு மணி நேரம் ஒத்திகை பார்க்கிறோம். எது உடைகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.