எபிடாக்ஸிக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

நண்பர்களே, பள்ளிப் பிள்ளைங்களுக்கான தொகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதறேன், ஷூஜி நகமுரா நீல எல்இடிக்குப் படிகம் வளர்த்த கதை. 1979ல நிச்சியாங்கற ஜப்பான் கம்பெனில சேர்ந்தது, 1988ல ஃப்ளோரிடா போய் ஒரு வருஷம் இருந்தது, திரும்பி வந்து படிகம் வளர்க்கற ரியாக்டரைத் தானே பிரிச்சு மாத்தி, சூட்டுல எகிறுற வாயுவை மேலேருந்து இன்னொரு வாயுவால அமுக்கித் தட்டுல படிய வெச்சது, எல்லாம் சரளமா வந்துடுச்சு. எபிடாக்ஸில நின்னுட்டேன். சஃபையர் (நீலக்கல்) தட்டு மேல உக்கார்ற காலியம் நைட்ரைடு படிகம், கீழ இருக்கற அணு வரிசையைப் பாத்தே தானும் வரிசை கட்டுதே, அது. "மேல்வளர்ச்சி"ன்னு போட்டேன், படிச்சுப் பாத்த எங்கக்கா மருவான்னு கேக்கறா.

---

> மேல்வளர்ச்சி

வேரைப் பாருங்க. 1928ல ரொயேங்கற பிரெஞ்சுக் கனிம அறிஞர் கிரேக்கத்துலேர்ந்து கட்டின சொல். எபி மேல, டாக்ஸிஸ் ஒழுங்கு. வளர்ச்சியே அதுல கெடையாது. "மேலொழுங்கு". முடிஞ்சுது.

---

கீழொழுங்கு எது சார்னு பையன் கேப்பான் ஐயா, நான் தெனம் வகுப்புல நிக்கறவன். "ஒட்டுப்படிகம்"னா சட்டுனு புரியும், ஒட்டு மாங்கன்னு மாதிரி. இல்லேன்னா "ஒழுங்குவளர்ப்பு".

---

> ஒட்டுப்படிகம்

ஒட்டுன்னா ரெண்டும் பொருந்தணும். இங்க அணு இடைவெளி சுமார் 16 சதவீதம் ஒத்தே வராது, அதான் மொதல்ல 500 டிகிரி வாக்குல ஒரு மெல்லிசுப் படலம் போட்டுட்டு அப்புறம் 1000க்கு ஏத்தறாங்க. தவிர படிகமே வடசொல், ஸ்படிகம். பளிங்குன்னு எழுதுங்க, மணிமேகலைல பளிக்கறையே இருக்கு.

---

பளிங்கும் அதே ஸ்படிகம் பிராகிருதம் வழியா சுத்திக்கிட்டு வந்ததுதான். தமிழ் வேணும்னா கீழ இருக்கற தட்டைப் பாருங்க! சஃபையர்ங்கறது கொரண்டம்ங்கற கனிமம், கொரண்டம்ங்கற பேரு நம்ம குருந்தம் கப்பலேறிப் போனது. அதைப் போய் சஃபையர்னு எழுதறதா? "குருந்தத் தட்டு".

---

குருந்தம்னா மாணிக்கவாசகர் உபதேசம் வாங்கின மரம் ஐயா. மரத்தட்டுல எல்இடி செஞ்சாங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க.

---

நாளைக்குக் கடைசி நாள். தனிமடல்ல மூணு பேர் கை தூக்கினதால "ஒழுங்குவளர்ப்பு"ன்னு போட்டு, மொத எடத்துல மட்டும் எபிடாக்ஸியும் சேத்துட்டேன். படிகம் படிகமாவே இருக்கு. மேலொழுங்கு ஐயா மன்னிக்கணும்.

---

வளர்ப்புன்னா ஆடு, கோழி. என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்குங்க.

---

குருந்தத் தட்டு என்னாச்சு?