தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆக: பட்டம் முடித்தவர் படிக்க வேண்டியது பி.எட்.டா, டி.எல்.எட்.டா?

கெடிலக்கரை (கேள்வி):

வணக்கம். நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவள். இந்த ஆண்டு பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். கல்லூரியில் படிக்கும்போதே இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அன்று தொடங்கி எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது.

வீட்டிலோ, பட்டம் வாங்கியவள் மறுபடியும் டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்கு இறங்குவானேன், பி.எட்.டும் இரண்டு ஆண்டுகள்தானே என்கிறார்கள். பி.எட். முடித்து ஆறு மாத இணைப்புப் பயிற்சி எடுத்தால் தொடக்கப்பள்ளிக்கும் போகலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இது சரியா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'பட்டம்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்து, 'காத்தாடி' என்று தயங்காமல் வாசிக்கிறான். நான்கு முறை திருத்தியும் அப்படியேதான் வாசிக்கிறான். பட்டப்படிப்பில் எவ்வளவோ தேற்றங்களை நிறுவியிருக்கிறேன். இவனுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

குறிஞ்சிப்பாடி ஆசிரியர்:

சகோதரிக்கு வணக்கம். நான் பதினான்கு ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியராக, அதாவது தொடக்க வகுப்புகளுக்கான ஆசிரியராக, பணிபுரிகிறேன். உங்கள் உறவினர் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். முடித்தவர்களையும் நியமிக்கலாம், அவர்கள் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018-இல் அறிவித்தது. அந்த அறிவிப்பை ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இப்போது பேசப்படும் இணைப்புப் பயிற்சி, அந்தத் தீர்ப்புக்கு முன்பே பணியில் சேர்ந்துவிட்டவர்களுக்கானது. புதிதாக பி.எட். படிப்பவருக்கு அந்த வழி இல்லை. ஆகவே தொடக்க வகுப்புகள்தான் வேண்டுமென்றால் டி.எல்.எட். படியுங்கள்.

நம் மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வடலூரில் இருக்கிறது. முதுநகரிலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயிலும் அந்த வழியாகத்தான் போகிறது. பிளஸ் டூ தகுதியே போதுமான படிப்பு என்பதால், உங்களைவிட மூன்று வயது இளையவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். பட்டமும் வீண் போகாது: இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தபின் பி.எட்.டும் முடித்தால் பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு அது உதவும்.

பணி கிடைப்பதைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில், தொடக்க வகுப்புகளுக்கான முதல் தாளில் தேறினால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும் என்று 2018-இல் அரசாணை வந்தது. இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. டெட்டில் தேறிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த என் தோழர்களை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், வீட்டு நிலைமையை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. 'காத்தாடி' என்று வாசிக்கும் பிள்ளையை மந்தம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அச்சில் இருப்பதற்குப் பொருள் உண்டு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்புதான் இன்னும் பிடிபடவில்லை. முதலில் படத்தைக் கையால் மூடுங்கள். ப, ட், ட, ம் என்று நான்கு அட்டைத் துண்டுகளில் எழுதி, அவன் பெயரிலோ அவன் அம்மாவின் பெயரிலோ வரும் எழுத்து அவற்றில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். 'ட்' என்பதையும் 'ட' என்பதையும் அடுத்தடுத்து வைத்து, புள்ளி வந்ததும் ஒலி எப்படிச் சுருங்குகிறது என்பதை அவனே வாயால் சொல்லிப் பார்க்கட்டும். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்தபோது பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைக் கொண்டு பிரித்தார்கள். இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் இவன் இன்னும் அரும்புதான்.

கணிதத்திலும் இதே கதைதான். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். 2-இலிருந்து 7 போகாது, ஆகவே 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். விடை 25 என்று திருத்துவது எளிது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஏழு குச்சிகளை எடுக்க முடியும் என்பதை அந்தப் பிள்ளையின் கை அறியும்படி செய்யத்தான் தனியாகப் பயிற்சி வேண்டும். பி.எட். படிப்பு உயர்நிலை வகுப்புப் பாடங்களை நோக்கியே அமைந்தது; ஆறு வயதுப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்பதை டி.எல்.எட்.டில் இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கே சென்று பார்ப்பீர்கள். இதை இறக்கம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முத்தியால்பேட்டை வாசகர்:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. டி.எல்.எட். படிக்கும்போதே சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டின் முதல் தாளையும் எழுதி வைத்தால் கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் விண்ணப்பிக்கலாம். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், இரண்டு மொழிகள், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள், பகுதிக்கு 30 வினாக்கள், ஆக மொத்தம் 150 என்பது அதற்கும் டெட்டுக்கும் பொதுவான அமைப்பு. கணிதத்தில் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்; முதல் பகுதிக்குத்தான் உழைக்க வேண்டும்.

இப்போது பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கையர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேரக்கூடிய நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் பட்டப்படிப்பைப் புதிய கல்விக் கொள்கை முன்வைத்திருக்கிறது. தேசியப் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை நடக்கிறது. எல்லா நிறுவனங்களும் எல்லா நிலைகளையும் நடத்துவதில்லை என்பதால், சேரும் இடத்தில் அடிப்படை நிலைக்கா, உயர்நிலைக்கா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். தொடக்கக் கல்விக்கென்றே நான்காண்டுப் பட்டம் தருவது புதிதுமல்ல. தில்லிப் பல்கலைக்கழகம் 1994-இலேயே அதைத் தொடங்கிவிட்டது.

கெடிலக்கரை:

மூவருக்கும் நன்றி. தீர்ப்பு வந்த தேதியை அப்பாவிடம் சொன்னேன். அதன்பின் அவர் பி.எட். பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமை வடலூர் சென்று சேர்க்கை பற்றி விசாரிக்கப் போகிறோம்.

பயிற்றுநர் ஐயா சொன்னபடி நேற்று மாலை படத்தை மூடிவிட்டு அட்டைகளைப் பரப்பினேன். தன் அம்மா பெயரில் வரும் 'ப'வை அவனே கண்டுபிடித்தான். நெடுநேரம் கழித்து 'ப...ட்...டம்' என்று கூட்டிச் சொல்லிவிட்டு, என் கையை விலக்கிப் படத்தைப் பார்த்து, "அக்கா, அப்ப காத்தாடின்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டான். இன்று அந்தச் சொல்லுக்கும் அட்டைகள் வெட்டி வைத்திருக்கிறேன்.