ஏழுக்கு நாலு

குழு: விளாங்குடி வீடு
ஞாயிறு, காலை 11:20

நான்: பெரியப்பா, தமுக்கம் புத்தகத் திருவிழாவில் நிற்கிறேன். பழைய புத்தகம் போட்டிருக்கிற ஒரு கடையில் இரண்டு புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டேன். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது. படம் அனுப்புகிறேன், எதை வாங்கட்டும்?

நான்: (படம்)

மதினி: ஒன்று செங்கல் கனத்துக்கு இருக்கும் போலிருக்கே.

பெரியப்பா: தடியாக இருப்பது, அமெரிக்க அதிபர் நிக்சனுக்குப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த கிஸிஞ்சர் எழுதிய ‘வைட் ஹவுஸ் இயர்ஸ்’. 1979-இல் வந்தது. இன்னொன்று கேரி பாஸ் எழுதிய ‘தி ப்ளட் டெலிகிராம்’, 2013. இரண்டிலும் 1971 வங்கதேசப் போர் வரும். வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய். தடிப் புத்தகத்தின் பொருளடக்கத்தில் அந்தப் போருக்கு என்ன தலைப்பு வைத்திருக்கிறார் என்று பார்.

நான்: ‘தி டில்ட்’ என்று போட்டிருக்கிறது.

பெரியப்பா: அதாவது சாய்வு. பாகிஸ்தான் பக்கம் சாய வேண்டும் என்று நிக்சன் விரும்புவதாக மூடிய அறைக்குள் கிஸிஞ்சர் பேசியது, குறிப்பாக எழுதப்பட்டு, ஜாக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர் கைக்குப் போய்ச் சந்திக்கு வந்துவிட்டது. அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துக்கொண்டு எட்டு வருடம் கழித்துத் தன் தரப்பைச் சொல்கிறார். நன்றாக எழுதுவார், படிக்கிறவரைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவார். அங்கேதான் கவனம் வேண்டும்.

நான்: அப்படியென்றால் வேண்டாமா?

பெரியப்பா: வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? அதிகாரத்தில் இருந்தவர் என்ன கணக்குப் போட்டார் என்பதை அவர் வாயால் கேட்க வேறு வழி இல்லை. 1971 ஜூலையில் இஸ்லாமாபாத்தில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ரகசியமாகப் பீஜிங் போய் வந்தார். அந்த வழியைத் திறந்து கொடுத்தது பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். சீனாவோடு பேச அந்த வாசல் தேவைப்பட்டதால், கிழக்கு வங்கத்தில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், பாகிஸ்தான் படை நடத்திய கொலைகளைக் கண்டிக்க வாஷிங்டன் வாய் திறக்கவில்லை. அந்தக் கணக்கு கிஸிஞ்சர் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதே நேரத்தில் டாக்காவில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக ஆர்ச்சர் ப்ளட் என்று ஒருவர் இருந்தார். கண்ணெதிரே கொலை நடக்கிறது, நம் அரசு சும்மா இருக்கிறது என்று கண்டித்து, அங்கிருந்த அமெரிக்க அலுவலர்கள் 20 பேர் கையெழுத்திட்ட தந்தியை ஏப்ரல் 6 அன்று அனுப்பி வைத்தார். அவரை டாக்காவிலிருந்தே தூக்கிவிட்டார்கள். இரண்டாவது புத்தகத்தின் பெயர் அவருடையதுதான்.

சித்தப்பா: ஒரு கோடிப் பேர் அகதியாக இந்தியாவுக்குள் வந்தார்களே அண்ணே, அந்த வருடம்தானே?

பெரியப்பா: அதே வருடம்தான். ஆகஸ்ட் 9-இல் இந்திய-சோவியத் ஒப்பந்தம், டிசம்பர் 3-இல் போர், 16-இல் டாக்கா விழுந்தது. நிக்சனும் கிஸிஞ்சரும் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்கு அப்போது தெரியாது. நிக்சன் தன் அறையில் ஒலிப்பதிவு வைத்திருந்தது 1973-இல்தான் வெளியே தெரிந்தது. நாடாக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்பட்டன. அமெரிக்க வெளியுறவுத் துறையே 1971 தெற்காசிய ஆவணங்களைப் பெரிய தொகுதியாக 2005-இல் போட்டது. அதனால் 1979 புத்தகமும் 2013 புத்தகமும் ஒரே தராசில் நிற்காது. முன்னதை எழுதியவர் தானே சாட்சி, பின்னதை எழுதியவருக்கு அந்தச் சாட்சியின் பேச்சு நாடாவில் கிடைத்தது.

நான்: அப்போது இரண்டாவதை வாங்குகிறேன். முதலாவதைப் புதுநத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

பெரியப்பா: நல்லது. கண்ணு, இந்த வகைப் புத்தகம் எது எடுத்தாலும் அட்டையைப் பார்த்ததும் இதைக் கேள்: எழுதியவர் அன்றைக்கு எந்த நாற்காலியில் இருந்தார், எந்த வருடம் எழுதினார், அதற்குப் பிறகு என்ன கோப்பு திறந்தது. இலங்கை விஷயத்துக்கு தீட்சித் எழுதிய ‘அசைன்மென்ட் கொழும்பு’ படித்தாலும் இதேதான். அவரே அங்கே இந்தியத் தூதராக இருந்தவர்.

பாண்டி அத்தான்: மாமா, கோபித்துக்கொள்ள வேண்டாம். டாக்காவும் வாஷிங்டனும் படித்து நமக்கு என்ன ஆகப் போகிறது? அவளுக்குத் தேர்வுக்காவது உதவும். நான் மாட்டுத்தாவணியில் லோடு ஏற்றிக்கொண்டே இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா: கோபமெல்லாம் இல்லை மாப்ள. நீ கேட்டது சரியான கேள்வி. உன் அப்பத்தா எந்த ஊரில் பிறந்தார்கள்?

பாண்டி அத்தான்: இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்.

பெரியப்பா: எந்த வருடம்?

பாண்டி அத்தான்: 1949.

பெரியப்பா: 1947 தேர்தலில் உன் அப்பத்தாவின் அப்பா அங்கே ஓட்டுப் போட்டவர். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் குடிமக்கள் இல்லை என்று ஆனார்கள். அடுத்த வருடம் உன் அப்பத்தா பிறக்கிறார்கள். இலங்கை சொன்னது, நீங்கள் இந்தியர்கள் என்று. நேரு சொன்னார், அங்கேயே பிறந்து வேலை செய்கிறவர்கள் எப்படி இந்தியராவார்கள் என்று. பிறந்த குழந்தைக்கு நாடு இல்லை. நம் ஊர்ப் பக்கம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை என்று கிளம்பிப் போய்க் காடு வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தவர்களின் பேத்தி.

பாண்டி அத்தான்: இதை வீட்டில் யாரும் இப்படிச் சொல்லவில்லை மாமா. ‘கப்பலில் வந்தோம்’ என்று மட்டும்தான் சொல்வார்கள்.

பெரியப்பா: அந்தக் கப்பலுக்கு டிக்கெட் எழுதியது 1964 அக்டோபர் 30-இல் டெல்லியில். நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தம். அந்த மாதத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள், எல்லாரும். 14-ஆம் தேதி மாஸ்கோவில் சோவியத் தலைவர் குருஷ்சேவை இறக்கிவிட்டார்கள். 16-ஆம் தேதி சீனா முதல் அணுகுண்டை வெடித்தது. நேரு மே மாதமே போய்விட்டார். 1962-இல் சீனாவிடம் தோற்ற காயம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சண்டை முடிந்ததும் சமரசம் பேச ஆறு நாட்டு மாநாட்டைக் கொழும்பில் கூட்டியவர் சிறிமாவோ. புதுப் பிரதமருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சிநேகிதம் அவசரமாக வேண்டியிருந்தது. அதனால்தான் கையெழுத்துப் போட்டார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அணுகுண்டு வெடித்து இரண்டு வாரமே ஆன நேரத்தில் அந்த அறைக்குள் யாரும் தேயிலைக் கொழுந்தைப் பற்றி மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நான்: எத்தனை பேர் பெரியப்பா?

பெரியப்பா: மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மீதி 1,50,000 பேரை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1974-இல் இந்திராவும் சிறிமாவோவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நிறைவேற்றும் விகிதம் ஏழுக்கு நாலு. ஏழு பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினால் நாலு பேருக்கு அங்கே குடியுரிமை.

மதினி: மாமா, படிக்கும்போதே ஒரு மாதிரியாக இருக்கிறது. அரிசி மூட்டையைப் பங்கு போடுவதுபோல.

பெரியப்பா: நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவன். வெளியுறவுக் கொள்கைப் புத்தகங்கள் பலவற்றில் இதற்கு ஒரு பத்திதான் கிடைக்கும். சாஸ்திரி என்றால் தாஷ்கண்ட், 1965 போர் என்று பக்கம் பக்கமாக ஓடும். ஐந்தேகால் லட்சம் பேரை இடம் மாற்ற முடிவு செய்த கையெழுத்து ‘அண்டை நாட்டுடன் நீண்டகாலச் சிக்கல் தீர்ந்தது’ என்ற தொனியில் கடந்து போகும். யாருக்குத் தீர்ந்தது? அந்த மக்களைக் கேட்டு ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று நான் தேடுவேன். கிடைக்காதபோது மனசு ஆறாது.

மதியம் 1:05

செல்வி அத்தை: அண்ணே, எல்லாம் பக்கத்திலிருந்து அத்தைக்கு, பாண்டியின் அப்பத்தாவுக்குத்தான், படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுக்கச் சொன்னார்கள். படம் பாருங்கள்.

செல்வி அத்தை: (படம்)

செல்வி அத்தை: உள்ளே அத்தைக்கு 24 வயதுப் போட்டோ. மூக்குத்தி தெரிகிறது. கூடவே ஒரு குடும்ப அட்டை, என் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே வயது 2 என்று மையால் எழுதியிருக்கிறது. தலைமன்னார் முத்திரை இன்னும் நீலமாக இருக்கிறது. ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. மடிப்பில் கை வைத்தால் பொடிகிறது, அதனால் துணியில் வைத்துத்தான் படம் எடுத்தேன்.

பாண்டி அத்தான்: நான் சான்றிதழுக்கு அலைந்தபோது ஒரு அலுவலகத்தில் இதைத்தான் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் தரவில்லை. அசல் வேண்டும் என்றார்கள், கொடுத்தால் காணோம் என்றார்கள். நாலு நடை நடந்து வாங்கினேன். அப்பத்தா அந்த மூன்று மாதமும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு பழைய காகிதத்துக்கு ஏன் இத்தனை தவிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சித்தப்பா: இதைப் பார்த்ததும் என் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. 1987 ஜூலை 29-இல் ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், மறுநாளே நம் படை இலங்கையில் போய் இறங்கத் தொடங்கியது. எங்கள் பட்டாலியனும் போனது. சமாதானம் காக்கப் போகிறோம் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அக்டோபரில் புலிகளோடு சண்டை. ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டேன், தமிழில். அந்த அம்மா கொடுத்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பியது. 1,100-க்கு மேல் எங்கள் ஆட்கள் போய்விட்டார்கள். இதைப் பற்றிய புத்தகம் எது வந்தாலும் நான் வாங்கிப் படிக்கிறேன். டெல்லியில் யார் யாருக்கு என்ன சொன்னார் என்று இருக்கும். அந்தத் திண்ணை எதிலும் இல்லை.

பெரியப்பா: தம்பி, நீ இதை எழுதி வை.

சித்தப்பா: எழுதத் தெரியாது அண்ணே. சொல்லத் தெரியும்.

நான்: நான் எழுதுகிறேன் சித்தப்பா. நீங்கள் சொல்லுங்கள்.

மதியம் 1:40

செல்வி அத்தை: (குரல் பதிவு, 3:12)

பாண்டி அத்தான்: இங்கே இரைச்சல், ஒன்றும் கேட்கவில்லை. யாராவது எழுத்தில் போடுங்களேன்.

நான்: ஹட்டன் பாட்டி பேசியிருக்கிறார்கள் அத்தான். அப்படியே எழுதுகிறேன்: “என் மாமனார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். என் அப்பாவும் அண்ணனும் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணம் ஆனதால் நான் இந்தியாக்காரி ஆனேன். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) பக்கத்துப் பக்கத்துக் காம்பிராவில் (அறை) இருந்தவர்கள்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் கடிதம் வராது. வந்த வீட்டில் அழுகை, வராத வீட்டிலும் அழுகை. 1973-இல் கோச்சி (ரயில்) ஏறினோம். அதை ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வோம். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடியும்வரை ஓடி வந்தது. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். அங்கிருந்து மதுரைப் பக்கம் மில் வேலைக்கு அனுப்பினார்கள். மலையில் குளிரில் இருந்த பிள்ளைக்கு இந்த வெயிலில் உடம்பெல்லாம் கொப்புளம். இங்கே வந்தால் சிலோன்காரி என்றார்கள். அம்மா செத்ததற்குத் தந்தி வந்தது, போக முடியவில்லை. அண்ணனுக்குக் குடியுரிமை கிடைத்ததா என்று எனக்குத் தெரியவே ரொம்ப வருடம் ஆனது.”

மதினி: எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாண்டி அத்தான்: ஏழில் ஒருவர் அப்பத்தா. அண்ணன் தாத்தா அந்த நாலில்.

பெரியப்பா: ஆமாம் மாப்ள. அங்கேயே இருந்தவர்களிலும் எல்லாருக்கும் அப்போதே கிடைத்துவிடவில்லை. பாக்கி இருந்தவர்களுக்கு இலங்கை நாடாளுமன்றம் 2003-இல்தான் சட்டம் போட்டுக் கொடுத்தது. 1948-லிருந்து எண்ணினால் 55 வருடம்.

நான்: பெரியப்பா, கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் நாற்காலி கொடுத்திருக்கிறார். ப்ளட் தந்திப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். ஆனால் இப்போது 1964 பற்றித்தான் படிக்க வேண்டும்போல இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பெரியப்பா: யாரோ எழுதிய விளக்கத்தில் தொடங்காதே. ஒப்பந்தத்தையே முதலில் படி. இரண்டு பிரதமர்களும் மாற்றிக்கொண்ட கடிதம்தான், நீளமானதில்லை. என்னிடம் நகல் இருக்கிறது. அப்புறம் தூதர்கள், அமைச்சர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள். அதற்கப்புறம் மலையகத்து ஆட்கள், அதாவது இலங்கைத் தோட்டத் தமிழர்கள், எழுதியவை. வரிசை இப்படி இருந்தால் யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது உனக்கே தெரிந்துவிடும்.

செல்வி அத்தை: அத்தை இன்னொன்று சொல்கிறார்கள். “அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு இதுவரை யாரும் படித்துக் காட்டியதில்லை. இங்கிலீஷில்தானே இருக்கும்? அந்தப் பிள்ளை தமிழில் படித்துச் சொல்லுமா?” என்று கேட்கிறார்கள்.

நான்: சொல்கிறேன் பாட்டி. பெரியப்பா, நகலை இன்றைக்கு ராத்திரியே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் தமிழில் எழுதிவிடுவேன். அடுத்த ஞாயிறு காலையில் அத்தை வீட்டுக்கு வருகிறேன்.

பெரியப்பா: கடினமான இடம் வந்தால் என்னைக் கேள். எண்களை மாற்றாமல் அப்படியே வை.

பாண்டி அத்தான்: அடுத்த ஞாயிறு நானும் லோடுக்குப் போகவில்லை.

செல்வி அத்தை: அத்தை சொல்கிறார்கள், படிக்கும்போது ஹட்டனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைக்க வேண்டுமாம். அண்ணனுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால் மெதுவாக, சத்தமாகப் படிக்கச் சொல்கிறார்கள்.